எண்ணெய்க் கொப்பரைக்குக் கட்டிய படிக்கட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்போதுதான் நான் கட்டியதையெல்லாம் கேட்கும்போது அதன் அளவு உங்களுக்குப் புரியும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான்கு மாடி லாட்ஜ். அந்த இடம் அப்போது குட்டை. இன்ஜினியருக்குப் படித்தவர்களே வந்து பார்த்து, இங்கே அஸ்திவாரம் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நிறுத்தினேன். இன்றுவரை ஒரு தளத்திலும் விரிசல் கிடையாது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். செங்கம் ரோட்டில் இரண்டு கல்யாண மண்டபம். ஏரிக்கரை ஒன்றில் முப்பதடி முனீஸ்வரன், உட்கார்ந்த கோலம். மீசை மட்டும் ஆளுயரம் வரும். கிராமத்துக் கோயில் கோபுரங்கள் பத்துக்கு மேல். மாடியோடு என் சொந்த வீடு. இரண்டு பெண்களைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன், அதையும் நான் கட்டியதில்தான் சேர்ப்பேன்.

சிலை வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் சித்தாளாக மணல் சுமந்தவன். பரம்பரையாகச் சிலை செய்கிறவர்கள் கோபுரத்தில் வேலை செய்யும்போது கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பேன். "இன்னாடா பாக்கற? உனக்கு செங்கல்லு தூக்கத்தான் வரும், சாமி வராது" என்று சிரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மீந்த கலவையில் மூக்கு செய்து பழகினேன். மூக்கு வந்துவிட்டால் முகம் தானே வரும். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர் பின்னாளில் என் முனீஸ்வரனைப் பார்த்துவிட்டு, யார் வேலை இது என்று கேட்டாராம். இது போதும் எனக்கு.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. எமலோகத்தில், எண்ணெய்க் கொப்பரைக்குப் பக்கத்தில், நான் கட்டிய படிக்கட்டு. மூன்றே படி. ஆனால் உலகத்தில் வேறு எந்த மேஸ்திரியும் அதைக் கட்டியதில்லை என்று துணிந்து சொல்வேன். அதைக் கட்ட வேண்டி வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டினால் ஒரு சின்ன அம்மன் கோயில் வரும். முப்பது வருடம் முன்பு அதன் சுற்றுச்சுவர் ஓரமாக எமலோகம் ஒன்று செய்யச் சொன்னார்கள். மலை சுற்றுகிற ஜனங்கள் பார்த்துப் பயந்து திருந்தட்டும் என்று ஆசை. நடுவில் எமன், எருமை, பக்கத்தில் ஓலை படிப்பவர், நான்கு கிங்கரர்கள், ஏழு பாவிகள். ஒருவனை ரம்பத்தால் அறுக்கிறார்கள், ஒருவனுக்குப் பாம்பு. ஏழாவது ஆள் எண்ணெய்க் கொப்பரையில் இடுப்புவரை நின்று வேகிறான்.

சாமி சிலைக்குக் கண் திறக்க நாள் பார்ப்பார்கள், திரை கட்டுவார்கள், மந்திரம் சொல்வார்கள். பாவிக்கு அதெல்லாம் கிடையாது. பாவியின் கண்ணை மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு வைத்துவிட்டுப் போகலாம். ஆறு பாவிகளுக்கு நான் கற்பனையில் முகம் வைத்தேன். ஏழாவது ஆளுக்கு என் தங்கச்சி புருஷனின் முகத்தை வைத்தேன். நீண்ட தாடை, சின்ன வயதில் மாடு முட்டியதால் இரண்டாக வெட்டுப்பட்ட இடது புருவம், தேங்காய் நார் மாதிரி மீசை. கத்துகிற வாய்.

ஏன் வைத்தேன் என்றால், என் அம்மாவுக்கு அவர் கொள்ளி வைத்தார்.

அம்மா கடைசி இரண்டு வருடம் தங்கச்சி வீட்டில்தான் இருந்தாள். கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமம். மாப்பிள்ளை அங்கே நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். அம்மா இறந்த அன்று அந்த ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிய ஊரில் சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அம்மன் வீதிக்கு வராது. பெற்ற பிள்ளை வந்துகொண்டிருக்கிறான் என்றாலும் ஊர் காத்திருக்காது.

நான் பொழுது சாய்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுடுகாட்டில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை தலைக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க நீ யாருடா? புள்ள நான் உயிரோட இருக்கும்போது, முகத்தைக்கூடப் பாக்க உடாம எரிச்சிட்டியே! செத்தப்புறம் உன்னை எண்ணெய்க் கொப்பரையில போட்டு வறுக்கலன்னா பாரு!"

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டது. தலைப்பிள்ளைக்கு இந்தக் கதியா என்று பெண்கள் அழுதார்கள். இரண்டு மாதம் கழித்து எமலோக வேலை வந்தது. செத்தப்புறம் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

முகம் அப்படியே வந்திருந்தது. நன்றாகச் செய்கிறவனுக்கு இது ஒரு கஷ்டம். முதல் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த அவர்கள் ஊர்க்காரர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் அது ஒரு வேடிக்கையாகவே போயிற்று. தங்கச்சி அந்த இடம் வரும்போது ரோட்டின் அந்தப் பக்கம் போய், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாளாம். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்து புதுப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் அவர் புதிதாக வெந்தார். நான் கட்டிய மண்டபங்களின் திறப்பு விழாப் பத்திரிகைகளைத் தங்கச்சி வாங்கிக்கொள்வாள், வந்து ஓரமாக நிற்பாள், சாப்பிடாமல் போய்விடுவாள்.

போன மாதம் அந்தக் கோயிலில் மறுபடி கும்பாபிஷேக வேலை தொடங்கியது. நீங்கதான் செஞ்சவரு, நீங்களே கூட நின்னு பாத்துக்கங்க என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுபதைத் தாண்டினாலும் சாரம் ஏற எனக்கு யார் கையும் வேண்டாம். சரி என்றேன். அந்த வாரம்தான் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள்.

"உட்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"உட்கார வரல அண்ணா. ஒன்னு சொல்லிட்டுப் போறேன். அவருக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆச்சு. நாலு வருஷமா மங்கலாவே இருந்தாரு. இப்ப தூரத்துல வர்ற பஸ்சு எந்த ஊருதுன்னு படிக்கறாரு."

"நல்லது."

"இன்னா நல்லது? கண்ணு தெரிஞ்சதும் மொதல் வேலையா வர்ற பௌர்ணமிக்கு மலை சுத்தணும்னு நிக்கறாரு. புதுப் பெயிண்ட்டுல நீங்க பளபளன்னு வேகறதைத்தான் மொதல்ல பாக்கப் போறீங்களான்னு கேட்டா சிரிக்கறாரு. எனக்கு சிரிப்பு வரல." வாசல் பக்கம் திரும்பினாள். "பௌர்ணமிக்குள்ள அந்த மூஞ்சிய எடுத்துடு. அந்த எடத்துல யாரு நிக்கணும்னு நம்ம மூணு பேருக்கும் தெரியும்."

போய்விட்டாள்.

மறுநாள் காலை உளியோடு போனேன். பழைய பெயிண்ட்டைச் சுரண்டியிருந்தார்கள். எமலோகம் முழுக்க சிமெண்ட் நிறத்தில் நின்றது. மூக்கில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று உளியை வைத்தேன். என் கையால் செய்ததிலேயே நல்ல மூக்கு அது. கை தயங்கியது. நிமிர்ந்தேன். எமன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சிலைக்குக் கண் வைக்கும்போது, கீழே தான் நிற்கிற இடத்தில் இருந்துதான் மேஸ்திரி பார்வையைச் சரிபார்ப்பான். அன்று நான் நின்றது கொப்பரைக்குப் பக்கத்தில். அதனால் என் எமன் முப்பது வருடமாகக் கொப்பரையில் இருப்பவனைப் பார்க்கவே இல்லை, பக்கத்தில் நின்றவனைப் பார்த்திருக்கிறான். நான் செய்த கண் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாதது.

அம்மா இறந்த அன்று காலை, முதல் பஸ் பிடித்து மாப்பிள்ளை என்னிடம் வந்தார். ஒரு காலில் அவர் செருப்பு, ஒரு காலில் வேறு யாருடையதோ. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த லாட்ஜில் இருந்தேன். என் பேரில் எடுத்த முதல் வேலை. அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட்.

"மச்சான், அத்தைக்கு மூச்சு இழுக்குது. உங்களைத்தான் கேக்குது. கிளம்புங்க."

"மிக்ஸர் ஓட ஆரம்பிச்சிடுச்சு மாப்ள. பாதியில நிறுத்தினா ஜாயின்ட் உழும், தண்ணி எறங்கும். முடிச்சிட்டு வந்துடறேன்."

"ஊர்ல காப்பு கட்டியிருக்கு மச்சான். ஏதாச்சும் ஆயிட்டா பொழுதோட எடுத்துடுவாங்க. வெச்சிருக்க உடமாட்டாங்க."

"நீங்க பாத்துக்கங்க" என்றேன். அவர் மிக்ஸரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மத்தியானம் எதிர் டீக்கடைக்குப் போன் வந்தது. அம்மா போய்விட்டாள். டீக்கடைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சிமெண்ட் லோடு சமாச்சாரம் என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறி, மிச்சம் இருந்த பகுதியை முடித்தேன். முக்கால் மணி நேரப் பயணம்தான் அந்த ஊர். ஆரம்பத்தில் விரிசலே கிடையாது என்று சொன்னேனே, அது இந்தத் தளம்தான்.

செத்தபின் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கொப்பரையும் ரம்பமும் நானே கம்பி கட்டிச் செய்தவை, அவற்றுக்குப் பயப்பட எனக்கு வராது. எனக்கு வேறு ஒரு நினைப்பு. அங்கே அம்மாவை உட்கார வைத்து, இவனைத் தெரியுமா என்று மட்டும் கேட்பார்கள். அம்மா உடனே, "தெரியாமயா? எம்புள்ள. வேலை ஜாஸ்தி அவனுக்கு, பாவம்" என்பாள். அதை எதிரில் நின்று நான் கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கிங்கரனும் கொடுக்க முடியாது.

உளியைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவர்கள் ஊருக்கு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டையில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். யாரோ பெரிய மனுஷன் வர்றாருன்னு பாத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாமே பெருசாத் தெரியுது."

முப்பது வருடமாக நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டேன். "மாப்ள, அந்த மூஞ்சிய உடைச்சிடறேன். அங்க என் மூஞ்சிய வைக்கறேன்."

உள்ளே இருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அதெல்லாம் வேணாம். அம்மா மேலருந்து எங்களைத்தான் திட்டும். எம்புள்ளைய எண்ணெயில உட்டுட்டு வேடிக்கை பாக்கறீங்களான்னு."

மாப்பிள்ளை சிரித்தார். "எனக்கு அதுல ஒன்னும் நஷ்டமில்ல மச்சான். மத்தவங்க செத்தப்புறம் வேகணும். நான் உயிரோடயே முப்பது வருஷம் வெந்து முடிச்சிட்டேன். அங்க போனா எனக்கு வரிசையே கிடையாது, நேரா உள்ள."

"கிண்டல் பண்ணாதீங்க."

"பையனுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. ஸ்கூல்ல 'பஜ்ஜி'ன்னு கூப்ட்டானுங்க." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு சுடுகாட்டுல ஏன் வாய் தொறக்கல நீங்க? காலையில வந்து கூப்ட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"சொல்லியிருந்தா ஊரே உங்களைக் காறித் துப்பியிருக்கும். அத்தை நெருப்பு அணையறதுக்குள்ள அது புள்ளைய எல்லாரும் துப்பறது நல்லாவா இருக்கும்? அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எண்ணெயில போட்டுட்டீங்க. எண்ணெயில நிக்கறவன் பேச்சை எவன் நம்புவான்?"

ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன். உள்ளே சொத்தை.

"உடைக்காதீங்க மச்சான்" என்றார். "அந்த மூக்கு என் மூக்கைவிட நல்லா இருக்கு. ஆனா நின்னு நின்னு கால் வலிக்குது. படி கிடி ஏதாச்சும் கட்டி உட்டீங்கன்னா மெதுவா ஏறி வெளிய வந்துடுவேன்."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மன்னிப்புக் கேள் என்றால் எனக்கு எப்படிக் கேட்பதென்று தெரியாது, பழக்கமில்லை. படி கட்டு என்றால் தெரியும்.

கோயிலில் விழாக்குழு கூடியிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். தலைவர் உரக்கடை வைத்திருப்பவர், சட்டம் பேசுகிறவர்.

"நரகத்துல படிக்கட்டா? எந்த சாஸ்திரத்துல இருக்குது பெரியவரே?"

"எமன் தலைக்குப் பின்னாடி சீரியல் லைட்டு சுத்த உடறீங்களே, அது எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

"அதில்லீங்க. பாவி வெளிய வந்துட்டா ஜனங்களுக்கு பயம் உட்டுப்போயிடும்."

வாசலில் பூ விற்கும் அம்மா குறுக்கே பேசினாள். "ஆமா, இப்ப ரொம்ப பயப்படுதுங்க. எமனைக் கட்டிப்புடிச்சு போட்டோ எடுத்துக்கினு போவுதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் படி கட்ட விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், கிழவனுக்கு ஆசை என்று. ஆனால் எனக்கு அப்படி வேண்டாம் என்று தோன்றியது. பெயிண்டர்களிடம் சுவர் தேய்க்கிற மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.

"கொப்பரையில நிக்கறவரு பாவி இல்லீங்க. எங்கம்மா சாவக் கெடக்குதுன்னு காலையிலயே வந்து என்னைக் கூப்ட்டாரு. நான்தான் கான்கிரீட் போடறேன்னு போவல. செத்துட்டாங்கன்னு போன் வந்துச்சு, அப்பவும் போவல. நான் வராததால அவரு கொள்ளி வெச்சாரு. பழிய அவரு மேல போட்டு, எண்ணெயிலயும் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவரு யார்கிட்டயும் சொல்லல. நான் சொல்றேன்."

சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். தலைவர் கொப்பரைப் பக்கம் திரும்பினார்.

"நாங்களும் முப்பது வருஷமா அவரைப் பாத்து சிரிச்சிருக்கோமே" என்றார். பிறகு, "எத்தனை படி?" என்று கேட்டார்.

"மூணு."

கலவையை நானே கலந்தேன். இடுப்பை ஒட்டிய எண்ணெயை உடைத்து, புதிதாக ஒரு வலது கால் செய்து, விளிம்புக்கு மேல் தூக்கி மேல்படியில் வைத்தேன். கிங்கரன் கையில் இருந்த சூலத்தை அறுத்தெடுத்து, அந்தக் கையால் அவருடைய முழங்கையைத் தாங்க வைத்தேன். கத்துகிற வாயை மூடினேன். அன்று சுடுகாட்டிலும் அது மூடித்தான் இருந்தது. படிகளின் மேல் ஈரச் சாக்குப் போட்டு, தினமும் காலையில் நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன். உயரம், அகலம் எல்லாம் வயதானவர் ஏறி இறங்குகிற கணக்குக்கு வைத்தேன். வேறு எவனாக இருந்தாலும் சிலைதானே என்று ஏனோதானோவென்று பூசியிருப்பான்.

பௌர்ணமி அன்று வெயில் தாழ்ந்ததும் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கிட்டப் போய் மூக்கைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், படியைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"கைப்புடி வைக்கலியா மச்சான்? வழுக்கி உழுந்தா மறுபடியும் எண்ணெயிலதானே."

"நாளைக்கு வெச்சிடறேன்."

தங்கச்சி இந்தத் தடவை ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகவில்லை. முந்தானையைத் தலையில் இருந்து எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி வெச்சிருக்கியா அண்ணா?" என்றாள். பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து மிச்ச மலையைச் சுற்றினோம். அவர் வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

இப்போது விழாக்குழுவிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். கும்பாபிஷேகக் கல்வெட்டுக்கு எழுதி வைத்திருக்கிற தாளைப் பார்த்தேன். பெயிண்ட் உபயம் இருக்கிறது, டைல்ஸ் உபயம் இருக்கிறது, மோர்ப்பந்தல் போட்டவர் பேர்கூட இருக்கிறது. என் பேர் இல்லை. எமலோகத்தைச் செய்தவன் நான். அதில் தப்பான ஆளைக் கொப்பரையில் போட்டவனும் நான். முப்பது வருடம் கழித்துப் படி கட்டியவனும் நான்தான். இந்த மூன்றையும் மூன்று வரியாக, என் பேர் போட்டு, வெட்ட வேண்டும். அதற்குக் கீழே, படி யோசனை மாப்பிள்ளையுடையது என்று அவர் பேரையும் போட வேண்டும். இதுவரை என் வேலையில் இன்னொருவர் பேரை நான் சேர்த்ததில்லை, இதில் சேர்க்கிறேன்.

நடு வரி நல்லா இருக்காதே பெரியவரே, அதை மட்டும் உட்டுடலாமா என்று தலைவர் கேட்கிறார். விட்டுவிட்டால், படி எதற்கு இருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு எப்படிப் புரியும்? மூன்று வரியும் வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். மாப்பிள்ளை அடுத்த பௌர்ணமிக்கும் வருவார், அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.